அல்கோல் மங்கும் இரவு: ஓர் இரட்டை நட்சத்திரத்தை வெறும் கண்ணால் அளப்பது எப்படி?

பெர்சியஸ் விண்மீன் கூட்டத்தில் இருக்கும் அல்கோல், ஏறத்தாழ மூன்று நாளுக்கு ஒரு முறை தன் ஒளியில் மூன்றில் இரண்டு பங்கை இழந்து, சில மணி நேரத்தில் அதைத் திரும்பப் பெற்றுவிடுகிறது. ஒற்றைப் புள்ளியாகத் தெரியும் அந்த இடத்தில் ஒன்றை ஒன்று நெருங்கிச் சுற்றும் இரண்டு நட்சத்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் மங்கலானது, பிரகாசமானதை நமக்கு மறைத்தபடி குறுக்கே கடக்கும்போது ஒளி குறைகிறது. சூரிய கிரகணம் போலவே இதுவும் ஒரு கிரகணம்தான். சுமார் 90 ஒளியாண்டு தொலைவில் நடக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இரண்டையும் தனித்தனிப் புள்ளிகளாக எந்த வீட்டுத் தொலைநோக்கியும் காட்டாது. பல தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றுசேர்த்து அளக்கும் கருவிகளுக்கே அது எட்டும். ஆனால் ஒன்று மற்றொன்றை மறைக்கும் நேரத்தையும், அவை எத்தனை நாளுக்கு ஒரு முறை சுற்றி வருகின்றன என்பதையும் கண்ணால் பார்த்தே கணக்கிட்டுவிடலாம். மைய நேரத்தைப் பத்து நிமிடத் துல்லியத்திலும், சுற்றுக்காலத்தை ஒரு நிமிடத்துக்குள்ளும் பிடிப்பது முதல் பருவத்திலேயே கைகூடக்கூடியது. அதற்கான வழிதான் கீழே இருக்கிறது.

தேவையானவை குறைவு. நொடி வரை சரியாக வைத்த கடிகாரம், பென்சில், ஒரு நோட்டு, சிவப்பு வெளிச்சம் தரும் சிறு விளக்கு, கட்டம் போட்ட வரைபடத்தாள் போதும். பைனாகுலர் வேண்டாம். அல்கோலை ஒப்பிட வேண்டிய நட்சத்திரங்களில் பெரும்பாலானவை 9 பாகையோ அதற்கும் மேலோ தள்ளி இருக்கின்றன. வழக்கமான பைனாகுலரின் பார்வைப் பரப்பு ஆறேழு பாகைதான். இரண்டையும் ஒருசேரப் பார்க்க முடியாத கருவி இந்த வேலைக்கு இடைஞ்சலே தவிர உதவி இல்லை.

அல்கோல் எங்கே, எப்போது தெரியும்

வானில் அதன் நடுவரை விலக்கம், அதாவது வான நடுக்கோட்டிலிருந்து அது இருக்கும் தூரம், வடக்கே ஏறத்தாழ 41 பாகை. உங்கள் ஊரின் அட்சரேகைக்கும் 41-க்கும் உள்ள வித்தியாசத்தை (தெற்கு அட்சரேகை என்றால் இரண்டின் கூட்டுத்தொகையை) 90-இலிருந்து கழித்தால், அல்கோல் உச்சிக்கு வரும்போது எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பது கிடைக்கும். நிலநடுக்கோட்டில் 49 பாகை. தெற்கே 20 பாகையில் 29. தெற்கே 49 பாகையைத் தாண்டினால் அது உதிப்பதே இல்லை.

நவம்பரில் நள்ளிரவை ஒட்டி உச்சிக்கு வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை முழு மறைப்பையும் ஒரே இரவில் பார்க்க வாய்ப்பு உண்டு. மார்ச்சில் மாலையில் மட்டும் தெரியும். மேயில் சூரிய வெளிச்சத்தில் மறைந்துவிடும்.

கண்டுபிடிக்க எளிய வழி கார்த்திகைக் கூட்டத்திலிருந்து தொடங்குவது. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. கார்த்திகையிலிருந்து வடக்கே, சற்று மேற்குச் சாய்வாக, இரண்டு முஷ்டிக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் அல்கோல் இருக்கிறது. காசியோப்பியாவின் 'W' வடிவத்துக்கும் கார்த்திகைக்கும் நடுவழியில் தெரியும் பிரகாசமான நட்சத்திரம் மிர்ஃபாக். அதிலிருந்து அல்கோல் ஒரு முஷ்டித் தூரம். ஆண்ட்ரோமெடா கூட்டத்தின் முனையில் ஆரஞ்சு நிறமாய் ஒளிரும் அல்மாக், அல்கோலுக்கு மேற்கே 12 பாகையில். மிர்ஃபாக், அல்மாக், அல்கோல் மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம் ஆகும். அந்த முக்கோணத்தை மனத்தில் பதித்துக்கொண்டால் பிறகு படமே தேவைப்படாது.

முதல் வாரத்தில் அளக்க முயல வேண்டாம். தெளிவான ஒவ்வொரு இரவும் இரண்டு நிமிடம் வெளியே வந்து, அல்கோலும் அல்மாக்கும் சமமாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலான இரவுகளில் சமமாகத்தான் இருக்கும். இயல்பு நிலை கண்ணுக்குப் பழகினால்தான் மாறிய நிலை உறைக்கும். சில வாரம் இப்படிப் பார்த்தாலே, ஏதோ ஓர் இரவு அது சட்டென்று சோர்ந்து நிற்பதைக் கண்டுவிடுவீர்கள்.

எந்த இரவைத் தேர்ந்தெடுப்பது

அல்கோலின் சுற்றுக்காலம் 2 நாள் 20 மணி 49 நிமிடம். மூன்று நாளுக்கு 3 மணி 11 நிமிடம் குறைவு. ஆகவே மூன்று நாளுக்கு ஒரு முறை மறைப்பின் மைய நேரம் 3 மணி 11 நிமிடம் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். ஒரு மறைப்பின் மையம் 10-ஆம் தேதி அதிகாலை 2:40 என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது 12-ஆம் தேதி இரவு 11:29. அதற்கடுத்தது 15-ஆம் தேதி இரவு 8:18. அதற்கும் அடுத்தது 18-ஆம் தேதி மாலை 5:07. பகல் வெளிச்சத்தில் போய்விட்டது. இப்படி இரவில் விழும் இரண்டு மூன்று மறைப்புகள் ஒரு கொத்தாக வரும். பிறகு சிறு இடைவெளி. மறுபடி ஒரு கொத்து.

அந்தக் கொத்தில் நள்ளிரவை ஒட்டி மையம் விழும் இரவுதான் உங்களுக்கு வேண்டியது. மறைப்பு தொடங்கி முடியச் சுமார் 10 மணி நேரம் ஆகிறது: மங்க ஐந்து, தெளிய ஐந்து. மேலே சொன்ன உதாரணத்தில் 12-ஆம் தேதி இரவு பொருத்தம். 10-ஆம் தேதியின் மறைப்பில் தெளியும் பாதியை விடியல் விழுங்கிவிடும். 15-ஆம் தேதியில் மங்கும் பாதியின் முற்பகுதி அந்திக்குள் போய்விடும்.

ஒரு மைய நேரம் தெரிந்துவிட்டால் மற்றவை எல்லாம் கூட்டல் கணக்குதான். வானியல் இதழ்களும் கணினி வான்வரைபடங்களும் மைய நேரப் பட்டியல் தருகின்றன. ஆனால் முன்கூட்டியே பட்டியல் பார்த்துக்கொண்டு உட்காருவதில் ஓர் ஆபத்து உண்டு. அதைப் பிறகு பார்ப்போம். மூன்று எண்களை நோட்டின் அட்டையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 7 சுற்று என்பது 20 நாள் 1 மணி 43 நிமிடம், 8 சுற்று என்பது 22 நாள் 22 மணி 32 நிமிடம், 15 சுற்று என்பது 43 நாள் 15 நிமிடம். மூன்றாவது எண் மிக அருமையானது. ஒரு நல்ல இரவு அமைந்தால், 43 நாள் கழித்து அதே கடிகார நேரத்துக்கு வெறும் கால் மணி நேரம் தள்ளி மறுபடியும் மறைப்பு வரும்.

இரண்டு விஷயங்களில் ஏமாற வாய்ப்பு இருக்கிறது. பட்டியல்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். உங்கள் நேரத்துக்கு மாற்றும்போது தேதி மாறலாம். நள்ளிரவு தாண்டிய பிறகு எழுதும் குறிப்புகளில் முந்தைய நாளின் தேதியையே போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. "12/13 இரவு" என்று இரண்டு தேதியையும் சேர்த்தே தலைப்பாக எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

ஒப்பிடும் நட்சத்திரங்கள்

பிரகாசத்தை அளக்க வானியலில் பொலிவெண் என்ற அளவு உண்டு. எண் கூடினால் ஒளி குறைவு. ஒரு எண் வித்தியாசம் என்றால் ஒளி சுமார் இரண்டரை மடங்கு மாறுகிறது. அல்கோல் இயல்பில் 2.1, மறைப்பின் மையத்தில் 3.4. அந்த 1.3 வித்தியாசம்தான் ஒளி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது என்பதற்குப் பொருள்.

கண் தனியாக ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து எண் சொல்லாது. இரண்டுக்கு நடுவே எங்கே நிற்கிறது என்று கேட்டால் நன்றாகவே சொல்லும். ஆகவே பொலிவெண் தெரிந்த, மாறாத நட்சத்திரங்கள் வேண்டும். இவை போதும்:

மிர்ஃபாக் – 1.8
அல்மாக் – 2.1
பீட்டா காசியோப்பியா – 2.3
பீட்டா மேஷம் – 2.6
எப்சிலான் பெர்சியஸ் – 2.9
டெல்டா பெர்சியஸ் – 3.0
பீட்டா முக்கோணம் – 3.0
ஆல்ஃபா முக்கோணம் – 3.4
கப்பா பெர்சியஸ் – 3.8

இவற்றில் உயிர்நாடி நான்குதான். மேற்கே 12 பாகையில் அல்மாக். கிழக்கே 9 பாகையில் எப்சிலான். அல்கோல் 2.1-க்கும் 2.9-க்கும் இடையே இருக்கும் வரை இந்த இரண்டும் தராசின் இரு தட்டுகள். அதற்குக் கீழே இறங்கினால் டெல்டாவும் கப்பாவும். மைய நேரத்தில் அல்கோல் இந்த இரண்டுக்கும் ஏறத்தாழ சரிபாதியில் நிற்கும். கப்பா, அல்கோலுக்கு வடக்கே நான்கே பாகையில் இருப்பதால் கண் அலைய வேண்டியதில்லை.

இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே விட்ட ஒன்று உண்டு. அல்கோலுக்குத் தெற்கே வெறும் 2 பாகையில், ஒப்பிடுவதற்கென்றே வைத்ததுபோல ஒரு செந்நிற நட்சத்திரம் இருக்கிறது: ரோ பெர்சியஸ். அதைத் தொடவே கூடாது. அதுவும் ஒளிமாறும் நட்சத்திரம்தான், 3.3-க்கும் 4.0-க்கும் இடையே சீரில்லாமல் ஏறி இறங்கும். புதியவர்களின் வரைபடம் ஏன் என்றே தெரியாமல் கோணலாக இருந்தால், பல நேரம் காரணம் ரோ தான்.

மதிப்பிடும் முறை

இருட்டுக்கு வந்து இருபது முப்பது நிமிடம் கண்ணைப் பழக விடுங்கள். கைபேசித் திரையை ஒரு முறை பார்த்தால் பழக்கம் கலைந்துபோகும். நேரம் பார்க்கக் கைபேசியை எடுப்பதற்குப் பதில் முள் கடிகாரம் வைத்துக்கொள்வது மேல்.

அல்கோலைவிடப் பிரகாசமான ஒன்று, மங்கலான ஒன்று என இரண்டைத் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை எட்டுப் படியாக மனத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். அல்மாக்கிலிருந்து எப்சிலான் வரை 0.8; ஆகவே ஒரு படி 0.1. டெல்டாவிலிருந்து கப்பா வரையும் 0.8, அங்கும் ஒரு படி 0.1. இந்தப் பொருத்தம் தற்செயலாக அமைந்ததுதான், ஆனால் வேலையை வெகுவாகச் சுலபமாக்குகிறது. அல்கோல் அல்மாக்கிலிருந்து மூன்று படி கீழே, எப்சிலானிலிருந்து ஐந்து படி மேலே இருப்பதாகத் தோன்றினால் நோட்டில் இப்படி எழுதுங்கள்: "அல்மாக் 3 அ 5 எப்". மதிப்பு 2.1 + 0.3 = 2.4.

இங்கே கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டியது, எண்ணை எழுதாமல் ஒப்பீட்டை மட்டும் எழுதுவது. 2.4 என்று நேரடியாக எழுதினால், முந்தைய வரியில் 2.3 இருப்பதைப் பார்த்து மனம் அடுத்ததைத் தானே கணித்துவிடும். ஒப்பீட்டை எழுதிவிட்டு, கணக்கைக் காலையில் போடுங்கள். முந்தைய வரிகளை ஒரு அட்டையால் மூடிக்கொள்வது இன்னும் நல்லது.

நட்சத்திரங்களை உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். சிவப்பும் ஆரஞ்சும் கலந்த நட்சத்திரங்கள், வெறித்துப் பார்க்கப் பார்க்கக் கூடுதல் பிரகாசமாகத் தோன்றும். அல்மாக் ஆரஞ்சு, அல்கோல் நீலவெண்மை. சட்சட்டென்று பார்வையை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு நொடி இரண்டு நொடி நின்று முடிவு செய்யுங்கள். அதோடு, ஒப்பிடும் இரு நட்சத்திரங்களும் உங்கள் இரு கண்களுக்கு இணையான கோட்டில் வரும்படி தலையைச் சாய்த்துக்கொள்ளுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாகப் பார்த்தால் விழித்திரையின் வேறுவேறு பகுதிகளில் அவை விழுந்து மதிப்பு பிறழும். இது சிறு விஷயமாகத் தோன்றலாம். செய்து பார்த்தால் இரண்டு படி வரை வித்தியாசம் வருவதைக் காணலாம்.

காற்றுமண்டலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். தலைக்கு மேலே இருக்கும் நட்சத்திரத்தின் ஒளி ஒரு பங்கு காற்றைக் கடந்து வந்தால், 30 பாகை உயரத்தில் இருப்பது இரண்டு பங்கையும், 20 பாகையில் இருப்பது ஏறத்தாழ மூன்று பங்கையும் கடந்து வருகிறது. ஒவ்வொரு பங்குக்கும் தெளிந்த வானில்கூட 0.2 முதல் 0.3 பொலிவெண் அளவுக்கு ஒளி மங்கும். அல்கோல் 60 பாகையிலும் எப்சிலான் 20 பாகையிலும் இருந்தால் அரை எண் அளவுக்குத் தவறு நேரும். அதனால் ஒரே உயரத்தில் இருப்பவற்றை ஒப்பிடுவது நல்லது. கிழக்கே ஏறும் வேளையில் எப்சிலான் அல்கோலைவிடத் தாழ்ந்திருக்கும். மேற்கே சாயும்போது அல்மாக் தாழ்ந்திருக்கும். இரண்டில் எது தாழ்ந்திருக்கிறதோ அதற்குப் பதில் அதே உயரத்தில் வேறொன்றைத் தேடுங்கள். பட்டியலில் ஒன்பது கொடுத்ததற்குக் காரணம் இதுதான்.

மறைப்பு இரவில் என்ன நடக்கும்

முதல் ஒன்றரை, இரண்டு மணி நேரம் எதுவுமே நடக்காததுபோல இருக்கும். கடக்கும் நட்சத்திரத்தின் விளிம்பு மெல்லத்தான் நுழைகிறது. கண்ணுக்கு அது புலப்படாது. இந்தக் கட்டத்தில் அரை மணிக்கு ஒரு மதிப்பீடு போதும். மையத்துக்கு மூன்று மணி நேரம் இருக்கும்போது வேகம் பிடிக்கும். அப்போதிலிருந்து பத்து அல்லது பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். இந்த வேகமான சரிவுதான் நேரத்தைத் துல்லியமாகத் தரும் பகுதி.

மையத்தை ஒட்டிச் சுமார் அரை மணி நேரம் ஒரே நிலையில் நிற்பதுபோலத் தோன்றும். பலர் இங்கேதான் உண்மையான மைய நேரத்தைப் பிடிக்க முயன்று தோற்கிறார்கள். வளைவு தட்டையாக இருக்கும் இடத்தில் எந்த நிமிடத்தில் திரும்பியது என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. அங்கே மெனக்கெட வேண்டாம். பத்து நிமிடம் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள்.

பிறகு தெளியும் பாதி. மங்கியதைப் பார்த்த திருப்தியில் போய்ப் படுத்துவிட்டால் அந்த இரவின் உழைப்பு முழுக்க வீண். மைய நேரம் கணக்கிட இரண்டு சரிவும் வேண்டும். மங்கும்போது எத்தனை வரி எழுதினீர்களோ, தெளியும்போதும் அத்தனை எழுத வேண்டும்.

ஓர் இரவின் நோட்டு இப்படி இருக்கலாம்:

19:40 – அல்மாக் 1 அ 7 எப்
20:30 – அல்மாக் 4 அ 4 எப்
21:10 – அ = எப்
21:50 – டெல்டா 2 அ 6 கப்பா
22:40 – டெல்டா 4 அ 4 கப்பா
23:48 – டெல்டா 2 அ 6 கப்பா
00:34 – அ = எப்
01:16 – அல்மாக் 4 அ 4 எப்

நடுவில் எழுதிய பிற வரிகளை இடம் கருதி விட்டிருக்கிறோம். மெல்லிய மேகம் கடந்தால், நிலா எழுந்தால், பனிமூட்டம் வந்தால் அந்தந்த வரியின் ஓரத்தில் ஒரு சொல் குறித்துவிடுங்கள். மறுநாள் ஒரு புள்ளி வரிசையில் சேராமல் நிற்கும்போது, அதைத் தள்ளலாமா கூடாதா என்று அந்த ஒரு சொல்தான் சொல்லும். காரணம் எழுதியிராத புள்ளியை, படம் அழகாக வரவில்லை என்பதற்காக நீக்கக் கூடாது.

மைய நேரம் கணக்கிடுதல்

வரைபடத்தாளில் கிடைமட்டமாக நேரம், செங்குத்தாகப் பொலிவெண். 2.0 மேலேயும் 3.5 கீழேயும் வரும்படி போட்டால், ஒளி குறைவது பள்ளமாகவே கண்ணுக்குத் தெரியும். புள்ளிகளின் ஊடாக மிருதுவான வளைவு வரையுங்கள். எல்லாப் புள்ளியையும் தொட வேண்டிய அவசியம் இல்லை.

இனி ஒரே பொலிவெண்ணில் படுக்கைக் கோடுகள் போடுங்கள். ஒவ்வொரு கோடும் வளைவை இரண்டு இடத்தில் வெட்டும். அந்த இரண்டு நேரத்தின் நடுப்புள்ளிதான் மையம். மேலே உள்ள நோட்டின்படி, 2.5 கோட்டில் 20:30-க்கும் 01:16-க்கும் நடுவே 22:53. 2.9 கோட்டில் 21:10-க்கும் 00:34-க்கும் நடுவே 22:52. 3.2 கோட்டில் 21:50-க்கும் 23:48-க்கும் நடுவே 22:49. மூன்றின் சராசரி 22:51. அடியில் என்ன நடந்தது என்று தெரியாமலேயே, இரு சரிவுகளை வைத்து மையத்தைப் பிடித்துவிட்டோம்.

மூன்று விடைகளும் வரிசையாக ஒரே பக்கம் நகர்ந்தால், உதாரணமாக மேல் கோட்டில் 22:40, நடுவில் 22:52, கீழே 23:05 என்று வந்தால், அது தற்செயல் பிழை அல்ல. உயரப் பிழை ஒரு சரிவை மட்டும் பாதித்திருக்கிறது என்று பொருள். எந்த ஒப்பீட்டு நட்சத்திரம் தாழ்ந்திருந்தது என்று நோட்டில் தேடுங்கள்.

பட்டியலை முன்கூட்டியே பார்ப்பதில் உள்ள ஆபத்து இங்கேதான் வெளிப்படும். மையம் 22:45 என்று மனத்தில் பதிந்துவிட்டால், 22:50-இல் அல்கோல் தெளியத் தொடங்கிவிட்டதாகக் கண் நம்பும். எந்த இரவு என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நிமிடத்தை வேறு யாரையாவது ஒரு தாளில் எழுதி மடித்து வைக்கச் சொல்லுங்கள். கணக்குப் போட்டு முடித்த பிறகு பிரியுங்கள்.

சுற்றுக்காலம்

43 நாள் கழித்து அடுத்த இரவு. அந்த முறை மையம் 23:09 என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். இடைவெளி 43 நாள் 18 நிமிடம், அதாவது 61,938 நிமிடம். 15-ஆல் வகுத்தால் 4,129.2 நிமிடம், 2 நாள் 20 மணி 49.2 நிமிடம். ஒவ்வொரு மைய நேரத்திலும் பத்து நிமிடப் பிழை இருந்தாலும் அது 15-ஆல் வகுபட்டு ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. இடைவெளி நீள நீளத் துல்லியம் கூடும். அடுத்த ஆண்டின் மறைப்போடு சேர்த்துக் கணக்கிட்டால் சில நொடிகளுக்குள் வரும்.

இதில் கவிழ்க்கக்கூடியது சுற்றின் எண்ணிக்கை. 15-க்குப் பதில் 14 என்று வகுத்தால் 3 நாள் 1 மணி 44 நிமிடம் என்று தவறான விடை வரும், அதுவும் நம்பும்படியாகவே இருக்கும். ஆகவே முதலில் ஒரே கொத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு மறைப்புகளைப் பிடித்து, சுற்றுக்காலம் சுமார் 2 நாள் 21 மணி என்று உறுதிசெய்துகொண்டு, பிறகுதான் நீண்ட இடைவெளிக்குப் போக வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் ஜான் குட்ரிக் செய்ததும் இதைத்தான். காது கேளாத அந்த இளைஞர், இங்கிலாந்தின் யார்க் நகரில் 1782 நவம்பர் 12 இரவு அல்கோல் மங்குவதைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 18. அது ஒளிமாறுகிறது என்று இத்தாலியரான ஜெமினியானோ மொன்டனாரி ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுதியிருந்தார். ஆனால் அது ஒழுங்காக, ஒரே கால அளவில் திரும்பத் திரும்ப நிகழ்கிறது என்று காட்டியவர் குட்ரிக். 2 நாள் 20 மணி 45 நிமிடம் என்று 1783-இல் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்குத் தெரிவித்தார். இன்றைய மதிப்புக்கும் அதற்கும் நான்கே நிமிட வித்தியாசம். இருண்ட ஒரு பொருள் அல்கோலைச் சுற்றி வந்து மறைக்கலாம் என்றும் அவர் சொன்னார். அந்த ஆண்டே அந்தக் கழகத்தின் காப்ளி பதக்கம் கிடைத்தது. 1786-இல், 21 வயதில் காலமானார். அவர் ஊகித்தது சரிதான் என்று 1889-இல் ஜெர்மனியின் ஹெர்மன் கார்ல் ஃபோகல், நிறமாலைக் கோடுகள் இடம் பெயர்வதை அளந்து நிறுவினார்.

உங்கள் அளவீடு ஓரிரு நிமிடத் துல்லியத்துக்கு வந்துவிட்டால் இன்னொரு திருத்தம் தேவைப்படும். நவம்பர் நடுவில் பூமி சூரியனுக்கும் அல்கோலுக்கும் இடைப்பட்ட பக்கத்தில் இருக்கிறது. அப்போது மறைப்பு நமக்கு, சூரியனிலிருந்து பார்ப்பதைவிட ஏறத்தாழ 7.7 நிமிடம் முந்தித் தெரிகிறது. பிப்ரவரி நடுவில் இந்த வித்தியாசம் பூஜ்யம். நவம்பர் மறைப்பையும் பிப்ரவரி மறைப்பையும் கழித்துக் கணக்கிடுபவர், இந்த எட்டு நிமிடத்தைச் சேர்க்காவிட்டால் சுற்றுக்காலம் சற்றே நீண்டு காட்டும். அடுத்த ஆண்டு அதே தேதியை ஒட்டி அளந்தால் இந்தச் சிக்கல் தானாகவே கழன்றுவிடும்.

நோட்டிலிருந்து நட்சத்திரத்தின் அளவுக்கு

இந்த வழிகாட்டியில் நமக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. மறைப்பு 10 மணி நேரம்; முழுச் சுற்று 68.8 மணி நேரம். மையத்திலிருந்து முடிவு வரை 5 மணி. அந்த நேரத்தில் துணை நட்சத்திரம் தன் பாதையில் 5 ÷ 68.8 × 360 = 26.2 பாகை நகர்கிறது. மறைப்பு முடியும் கணத்தில் இரண்டின் விளிம்புகளும் தொட்டுப் பிரிகின்றன. அதாவது நம் பார்வையில் அவற்றின் மையங்களுக்கு இடையேயான தூரம், இரண்டு ஆரங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம். 26.2 பாகையின் சைன் 0.44. ஆகவே இரண்டு ஆரங்களையும் கூட்டினால், அவற்றின் இடைவெளியில் 44 சதவீதம்!

பெரிய கருவிகள் தரும் மதிப்பு 46 சதவீதத்தை ஒட்டி வருகிறது. அந்தச் சிறு வித்தியாசத்துக்கும் காரணம் உண்டு: பாதை நம் பார்வைக் கோட்டிலிருந்து எட்டு, ஒன்பது பாகை சாய்ந்திருக்கிறது, நாம் சாய்வே இல்லை என்று வைத்துக் கணக்கிட்டோம். துணை நட்சத்திரம் பெரிதாக இருந்தும் பிரகாசமானதை முழுவதும் மறைக்காமல் ஓரமாய்க் கடந்துபோவதும் இந்தச் சாய்வால்தான். பென்சிலும் கடிகாரமும் வைத்துக்கொண்டு, இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று கிட்டத்தட்ட உரசும் நெருக்கத்தில் சுற்றுகின்றன என்று நீங்களே நிறுவிவிட்டீர்கள். அவற்றின் இடைவெளி சுமார் 93 லட்சம் கிலோமீட்டர். சூரியனுக்கும் புதனுக்கும் உள்ள தூரத்தில் ஆறில் ஒரு பங்குதான்.

பிரகாசமானது சூரியனைப் போல 3.2 மடங்கு நிறையும் 2.7 மடங்கு ஆரமும் கொண்ட நீலவெண் நட்சத்திரம். துணை 0.7 மடங்கு நிறையே உள்ளது, ஆனால் 3.5 மடங்கு ஆரத்துக்கு உப்பி நிற்கிறது, குளிர்ந்தது, மங்கியது. அரைச் சுற்று கழித்து பிரகாசமானது இதை மறைக்கும்போதும் ஒளி குறையத்தான் செய்கிறது, ஆனால் பத்தில் ஒரு பொலிவெண்கூட இல்லை. கண்ணால் அதைத் தேட வேண்டாம்.

நிறை கூடிய நட்சத்திரம்தான் எரிபொருளைச் சீக்கிரம் தீர்த்து முதலில் உப்ப வேண்டும். இங்கே நிறை குறைந்தது உப்பியிருக்கிறது. இந்த முரண்பாடு வெகுகாலம் வானியலாளர்களைத் திணறடித்தது. விடை: இன்று மெலிந்திருப்பதுதான் முன்பு கனத்தது. அது உப்பி வந்தபோது அதன் வெளிப்புற வாயு பக்கத்து நட்சத்திரத்தின் ஈர்ப்புக்குள் வழிந்து போய்விட்டது. அந்த வழிதல் இன்றும் மெல்லத் தொடர்கிறது. சுற்றுக்காலமும் பல பத்தாண்டுகளில் நொடிக்கணக்கில் மாறுகிறது. பழைய பட்டியலை வைத்து இன்றைய மைய நேரத்தைக் கணக்கிட்டால் தள்ளிப்போவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, இந்த இரண்டையும் 680 நாளுக்கு ஒரு முறை சுற்றிவரும் மூன்றாவது நட்சத்திரம். அதன் இழுப்பில் இரட்டை சற்று முன்னும் பின்னும் அசைவதால், மறைப்பு சில நிமிடம் முந்தியும் பிந்தியும் நமக்கு வந்து சேர்கிறது.

அல்கோல் சூரியனோடு மறைந்திருக்கும் மாதங்களில் கையும் கண்ணும் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க, யாழ் கூட்டத்தில் உள்ள பீட்டா லைராவைப் பாருங்கள். சுற்றுக்காலம் 12.9 நாள், பொலிவெண் 3.3-இலிருந்து 4.4 வரை. பக்கத்திலேயே இருக்கும் காமா லைரா 3.2, ஒப்பிட அதைவிட வசதியானது வேறில்லை. இங்கே ஒளி ஒரே இரவில் விழுந்து எழாது, நாள்தோறும் இடைவிடாமல் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு இரவுக்கு ஒரு வரி போதும். மூன்று மாதத்து வரிகளை 12.9 நாள் துண்டுகளாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தாளில் அடுக்கினால், ஒன்று ஆழமாகவும் மற்றொன்று ஆழம் குறைவாகவும் இரண்டு பள்ளங்கள் கிடைக்கும்.